ஸ்டெனோசிஸ்: அடைப்பன்று, குறுக்கம்

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் நலமாக இருந்த ஒருவர், தம் கழுத்து ஸ்கேன் அறிக்கையில் 'கரோட்டிட் ஸ்டெனோசிஸ் 60%' (மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் கழுத்துத் தமனி 60% ஒடுங்கியுள்ளது) என்ற வரியைக் கண்டால், வீட்டாரிடம் 'இரத்தக்குழாயில் அடைப்பு' என்றே சொல்வார். அச்சொல் நோயை உள்ளதினும் பெரிதாக்கி அஞ்சவைக்கிறது.

'ஸ்டெனோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஒடுங்கியது என்று பொருள். ஸ்டெனோகிராபியிலும் உள்ளது அதுவே. அதனைச் சுருக்கெழுத்து என்கிறோம். ஆனால் இரத்தக்குழாய்க்குச் சுருக்கம் என்பது ஒவ்வாது. தசை சுருங்கி மீண்டும் விரிவதை அச்சொல் குறிக்கும். கதிர்வீச்சோ குழாயின் உட்படலத்தையும், அதன் சுவருக்கே குருதியூட்டும் நுண்குழாய்களையும் சிதைப்பதால், சுவர் நாரேறித் தடித்து, கொழுப்பும் படிந்து, உள்வழி மெல்ல மெல்ல ஒடுங்குகிறது. அது தானாக விரிவதில்லை. ஆகவே குறுக்கம் என்பதே தக்க சொல். தமிழ் இலக்கணம் கூறும் ஐகாரக் குறுக்கத்தில் ஐகாரம் தன் 2 மாத்திரையிலிருந்து குறைந்து ஒலிக்கிறதே தவிர, ஒலிக்காமல் போவதில்லை. குறுகிய தமனியிலும் குருதி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒலியலையால் குருதியோட்டத்தை அளக்கும் டாப்ளர் கருவியைக் கழுத்தில் வைத்தால், குறுகிய இடத்தில் அது விரைந்து பாய்வதே தெரியும். குருதி அறவே நின்றுபோன நிலைக்குத்தான் அடைப்பு என்று பெயர். அதன் ஆங்கிலப் பெயர் 'அக்லூஷன்'.

கரோட்டிட் என்பது ஆழ்ந்த மயக்கத்தைக் குறிக்கும் 'கரோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. இத்தமனிகளை அழுத்தினால் மயக்கம் வரும் என்று அக்காலத்தார் கருதினர். தமிழில் சிரசுத் தமனி என்றும் கழுத்துத் தமனி என்றும் வழங்குகிறது. முதுகெலும்பை ஒட்டி மூளைக்குச் செல்லும் தமனியும் கழுத்தின் வழியே போவதால், சிரசுத் தமனிக் குறுக்கம் என்பதையே நான் விரும்புகிறேன்.

இந்த வேறுபாட்டைப் பொறுத்தே சிகிச்சையும் அமைகிறது. குறுக்கமாயின், புகையிலையை விடுதல், இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கட்டுக்குள் வைத்தல், இரத்தத் தட்டுகள் ஒட்டாதிருக்க மருந்து, காலந்தோறும் டாப்ளர் என்று பக்கவாதம் வராமல் காக்க இடமுண்டு. குறுக்கம் மிகுந்தாலோ, ஒரு பக்கக் கை கால் சற்று நேரம் மரத்து மீண்டாலோ, குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைப்பதைக் கருதுவர். கதிர்வீச்சால் இறுகிய கழுத்தைத் திறந்து அறுவை செய்வதில் நரம்புக் காயமும் ஆறாப் புண்ணும் நேரக்கூடும். முற்றும் அடைபட்டு நாட்பட்ட தமனியைப் பெரும்பாலும் திறக்க முயல்வதில்லை.