ஐஸ்கிரீம்னு சொல்லி ஊசிக்கு கூட்டிட்டு வராதீங்க

நேத்தும் ஒண்ணு. அஞ்சு வயசு பூஸ்டர் போட வந்த பொண்ணு, ஐஸ்கிரீம் வாங்கப் போறோம்னு சொல்லி கூட்டிட்டு வந்திருக்காங்க, ட்ரேல சிரிஞ்ச பாத்ததும் அது அழக்கூட இல்ல, திரும்பி அம்மா மூஞ்சிய பாத்துச்சு. பதினாலு வருஷமா குழந்தைங்களுக்கு ஊசி போடுற நர்ஸ் நான், அந்தப் பார்வை மட்டும் எனக்கு இன்னும் பழகல.

கேட்டா "பயந்துடுவா சிஸ்டர், பாவம்"ங்கறாங்க. மறைக்கிறதுதான் அன்புன்னு யாருங்க சொன்னா? ஊசி வலி கொஞ்ச நேரத்துல போயிடும். ஏமாத்திட்டாங்கங்கறது போகாது, அடுத்த தடவ நிஜமாவே பார்க்குக்கு கூப்பிட்டாலும் "ஊசியா?"ன்னுதான் கேக்கும். வலிக்கவே வலிக்காதுன்னு பொய் சொல்லாதீங்கன்னு உலக சுகாதார நிறுவனமே 2015ல சொல்லிடுச்சு.

எனக்கு இத புரியவச்சது சின்னக் குழந்தைங்களுக்கான ஒரு பழைய அமெரிக்க டிவி ஷோ. மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹுட், பிட்ஸ்பர்க்ல எடுத்தது, 1968ல இருந்து 2001 வரைக்கும் வந்துச்சு. நைட் டூட்டி முடிஞ்சு தூக்கம் வராதப்ப பாப்பேன். அத நடத்துன ஃப்ரெட் ரோஜர்ஸ் உள்ள வந்து கோட்ட கழட்டி ஸ்வெட்டர் போட்டு, ஷூ மாத்திட்டு, நிதானமா பேசுவார், பாத்தாலே மனசு அடங்கிடும்.

1970ல ஒரு எபிசோட், தொட்டில மீன் ஒண்ணு செத்துக் கிடக்கும். எடுத்து உப்புத் தண்ணில விட்டுப் பாப்பார், அசையாது. தூங்குதுன்னு சொல்லி மழுப்ப மாட்டார். செத்துப்போச்சுன்னே சொல்லி, குழி தோண்டிப் புதைச்சுட்டு, சின்ன வயசுல வளத்த நாய் செத்தப்ப தான் அழுததையும் பாட்டி வந்து அணைச்சுக்கிட்டதையும் சொல்வார். பாக்குறதெல்லாம் நண்டு சிண்டுங்க!

கண்ணு தெரியாத ஒரு குட்டிப் பொண்ணு, மீனுக்கு சாப்பாடு போடுறீங்களான்னு தெரியாம கவலையா இருக்கு, வாய்விட்டு சொல்லுங்கன்னு அவருக்கு லெட்டர் போட்டுச்சு. அதுக்கப்புறம் மீனுக்குப் போடறப்ப சொல்லிட்டேதான் போடுவார். அத படிச்சதுல இருந்து நானும் "இப்ப பஞ்சு வைக்கிறேன் கண்ணு, ஜில்லுன்னு இருக்கும்"னு சொல்லிட்டுத்தான் கைய தொடுறேன்.

கெஞ்சிக் கேக்குறேன், ஊசின்னா ஊசின்னு சொல்லுங்க. கிளம்புற அன்னைக்கு காலைல சொன்னா போதும், ஒரு வாரம் முன்னாடியே சொல்லி பயமுறுத்த வேணாம். "சுருக்குன்னு வலிக்கும், நான் பக்கத்துலயே இருப்பேன்", இவ்ளோதான். நாலு பேர் சேந்து படுக்கவச்சு அமுக்காதீங்க, மடியில நிமிந்து உக்காரட்டும். சேட்ட பண்ணா சிஸ்டர் ஊசி போட்டுடுவாங்கன்னு வீட்ல மெரட்டுறத இன்னையோட நிறுத்துங்க. அழுதா அழட்டும், ஆம்பளப் பையன் அழலாமான்னு கேக்காதீங்க. நாங்க காத்திருப்போம்.