ஜெனரேட்டர் ஓடுகிறது சரி, கரண்டு எங்கே போகிறது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் சாயங்கால இடிமழைக்குக் கரண்டு போவது ஒன்றும் அதிசயமில்லை. லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, ராத்திரி சில மணி நேரம் மட்டும் எஞ்சின் கரண்டு கொடுத்த காலத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது கடைக்காரர்களே ஜெனரேட்டர் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பேச்செல்லாம் எத்தனை கேவிஏ (மெஷினின் திறன் அளவு), எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்பதைப் பற்றித்தான். கட்டடத்து வயரிங்கோடு அதை எப்படிச் சேர்த்திருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை, ஆளைக் கொல்லக்கூடிய இடம் அதுதான்.

இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரை எடுத்து ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவர் சாக்கெட்டிலும் செருகிவிட்டால் வீடு முழுக்க விளக்கு எரியும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. விளக்கு எரியும்தான். ஆனால் மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் அந்தக் கரண்டு மீட்டர் வழியாகத் திரும்பித் தெருக் கம்பிக்குப் போய்விடும். டிரான்ஸ்ஃபார்மருக்கு எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்று தெரியாது. 11,000 வோல்ட்டை 400 ஆகக் குறைக்கும் அதே சுருள், எதிர்ப்பக்கமிருந்து கரண்டு வந்தால் ஏற்றியும் விடும். சின்ன மெஷின்தானே, பக்கத்து வீடுகளின் லோடு ஏறினால் தானாக நின்றுவிடும் என்பார்கள். மரம் விழுந்து கம்பி அறுந்த இடம் பக்கத்திலேயே இருந்தால் அந்த லோடே இருக்காது, மெஷின் நிற்காது, கம்பியைத் தொடுகிறவருக்கு அது செத்த லைன் மாதிரியே தெரியும். மெயினை அணைக்காத நிலையில் தெனாகா (மின்சார வாரியம்) கரண்டு திரும்பி வந்தால் இன்னொரு கூத்து. இரண்டும் 50 ஹெர்ட்ஸ் என்றாலும் அலைகள் ஒன்றாக ஏறி இறங்காது. நேரெதிராக மாட்டிக்கொண்டால் இரண்டுக்கும் நடுவில் 650 வோல்ட் வரை வித்தியாசம் வரும், பாதிக்கப்படுவது ஜெனரேட்டரின் சுருள்.

செம்பனை ஆலைகளில் இரண்டு மெஷின்களை ஒன்றாக ஓட்டுகிறார்களே என்று கேட்கலாம். ஆலையில் பழத்தின் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து, நீராவியில் டர்பைன் சுற்றி, கரண்டை அங்கேயே எடுக்கிறார்கள், துணைக்கு டீசல் செட்டும் நிற்கும். ஆனால் வோல்ட், வேகம், அலை மூன்றும் பொருந்திய பிறகுதான் அங்கே பிரேக்கரைச் சேர்ப்பார்கள். கடைக்கு அதெல்லாம் வேண்டாம், இரண்டும் சந்திக்கவே முடியாமல் செய்தால் போதும்.

அதற்குத்தான் சேஞ்ச்ஓவர் சுவிட்ச். கைப்பிடியில் 1, 0, 2 என்று போட்டிருக்கும். 1 தெனாகா, 2 ஜெனரேட்டர், நடுவில் 0. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக 0-வைக் கடந்தே ஆக வேண்டும், உள்ளே இருக்கும் தண்டு ஒரே நேரத்தில் இரண்டையும் பிடிக்க விடாது. ஆளுடைய ஞாபகத்தை நம்பாத அமைப்பு என்பதால்தான் அதற்கு மதிப்பு. ஆட்டோமேட்டிக் வகை கரண்டு போனதைக் கவனித்து, அது கணநேரச் சிமிட்டலா என்று சில விநாடி பொறுத்துப் பார்த்து, எஞ்சினைக் கிளப்பி, வேகமும் வோல்ட்டும் நிலைத்த பிறகு மாற்றும். கரண்டு திரும்பினாலும் உடனே நம்பாது, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் மாறும். இந்த இடைவெளியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும், அதற்கு யூபிஎஸ் தனியாக வேண்டும்.

அடுத்து, எதையெல்லாம் இதன் பின்னால் வைப்பது? கடை வரிசையில் ஒரு கிளினிக்கை எடுத்துக்கொள்வோம். தடுப்பூசி ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும், நெபுலைசர், சில விளக்குகள், பதிவுக் கம்ப்யூட்டர். இவற்றை மட்டும் பிரித்து தனி டிபிக்கு (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கொண்டுபோய், அந்த டிபிக்கு முன்னால் சேஞ்ச்ஓவரை வைக்க வேண்டும். 5 கேவிஏ மெஷினில் பவர் ஃபேக்டர் (அதில் நிஜமாக வேலைக்கு ஆகும் பங்கு) 0.8 என்று எழுதியிருந்தால் கிடைப்பது 4 கிலோவாட்தான், 230 வோல்ட்டில் சுமார் 22 ஆம்பியர். பழைய மாதிரி ஏர்கோன் கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். டாக்டர் அறை குளுகுளுவென்று இருக்க வேண்டுமா, மருந்து கெடாமல் இருக்க வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது.

வேலையில் பெரும்பாலும் சொதப்புவது நியூட்ரலில், அதாவது கரண்டு திரும்பிப் போகும் கம்பியில்தான். கரண்டு வரும் லைவை மட்டும் புது டிபிக்கு மாற்றிவிட்டு நியூட்ரலைப் பழைய டிபியின் இணைப்புப் பட்டையிலேயே விட்டுவிடுவார்கள். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமா என்று பார்ப்பதுதான் ஆர்சிசிபி என்ற பாதுகாப்புச் சுவிட்சின் வேலை, சாக்கெட் வரிசையில் 30 மில்லியாம்பியர் வித்தியாசம் வந்தாலே தட்டி, கரண்டை நிறுத்திவிடும். கரண்டு இதன் வழியாகப் போய் வேறு வழியில் திரும்பினால் அது தட்டாமல் என்ன செய்யும்? உடனே "ஆர்சிசிபி கெட்டுப்போச்சு" என்று புதுசு வாங்க ஓடுவார்கள். ஆகவே நியூட்ரலும் சேர்ந்தே மாற வேண்டும்: சிங்கிள் ஃபேஸுக்கு இரண்டு துருவச் சுவிட்ச் (லைவ், நியூட்ரல்), த்ரீ ஃபேஸுக்கு நான்கு (மூன்று லைவ், ஒரு நியூட்ரல்). இதைவிட மோசமானது, ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த்தோடு இணைக்காமல் விடுவது. அப்போது எர்த்துக்குக் கசியும் கரண்டுக்குத் திரும்பிப் போக வழியில்லாததால் ஆர்சிசிபி தட்ட வேண்டிய நேரத்திலும் சும்மா இருக்கும். இதையெல்லாம் சுருஹான்ஜாயா தெனாகாவின் (அரசின் எரிசக்தி ஆணையம்) சான்றிதழ் உள்ள வயர்மேன்தான் செய்ய வேண்டும்.

மெஷினை ஐந்தடிப் பாதையிலோ (கடைமுன் கூரை போட்ட நடைபாதை) பின்கட்டிலோ மூடிய இடத்தில் ஓட்டாதீர்கள், அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது. ஓட்டிப் பார்க்கும்போது லோடைப் போட்டே ஓட்ட வேண்டும், டீசல் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் முழுதாக எரியாத எண்ணெய் கரியாகப் படியும். அப்புறம் ஸ்டார்ட்டர் பேட்டரி. அவசரத்தில் கிளம்பாத ஜெனரேட்டரில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.