ஆல்கஹாலுக்கு ஏது வடதுருவம்? 'முனைவு' என்ற சொல்லைப் பற்றி

போன வாரம் தண்டையார்பேட்டையில் மொட்டைமாடி டியூஷனில் ஒரு பதினோராம் வகுப்புப் பையன் கேட்டான்: "சார், போலார்னா துருவம்னு போட்டிருக்கு. ஆல்கஹாலுக்கு ஏது சார் வடதுருவம், தென்துருவம்?" நியாயமான கேள்வி. அவனுக்குக் குழப்பம் வேதியியலில் இல்லை, சொல்லில்தான்.

கிரேக்கத்தில் 'போலோஸ்' என்றால் சுழலும் அச்சு. வானம் எந்த அச்சில் சுற்றுவதாக நினைத்தார்களோ அந்த அச்சின் நுனிக்கு அந்தப் பெயர் போய், லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பூமியின் இரு நுனி, காந்தத்தின் இரு நுனி, கடைசியில் மின்சுமையின் இரு நுனி என்று பரவிவிட்டது. துருவம் வடமொழிச் சொல், 'அசையாதது' என்று பொருள். துருவ நட்சத்திரத்துக்கு அது சரி, மூலக்கூறுக்கு ஒட்டாது. அங்கே நாம் சொல்ல வருவது ஒன்றின் இரண்டு நுனிகள் வேறுவேறாக இருப்பதை. அதற்குத் தமிழில் கைக்கெட்டும் சொல் முனை. தெருமுனை, கத்திமுனை, பேனாமுனை என்று நாள் முழுக்கச் சொல்கிறோமே, அதேதான். முனை உண்டாகியிருந்தால் முனைவுள்ளது, இல்லாவிட்டால் முனைவற்றது, அந்தத் தன்மை முனைவுத்தன்மை.

சரி, முனை எப்படி உண்டாகிறது? பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரான்களை எந்த அணு எவ்வளவு தன் பக்கம் இழுக்கும் என்பதற்குப் லைனஸ் பாலிங் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1932-இல் ஓர் அளவு கொடுத்தார். அதில் இன்றைய மதிப்புப்படி ஹைட்ரஜன் 2.20, கார்பன் 2.55, நைட்ரஜன் 3.04, ஆக்சிஜன் 3.44. கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான், அதனால் இவை இரண்டு மட்டுமே உள்ள டீசல், மண்ணெண்ணெய் போன்றவற்றில் முனை என்று சொல்ல ஒன்றும் இல்லை. காசிமேட்டில் படகுகளுக்கு நடுவே தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் டீசல் படர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், எத்தனை அலை அடித்தாலும் அது கரையாது. அந்தக் கார்பன் சங்கிலியில் ஓர் ஆக்சிஜனைக் கொண்டுவந்து மாட்டினால் கதையே மாறிவிடும். எலக்ட்ரான் மேகம் ஆக்சிஜன் பக்கம் சாய்ந்து அந்த முனை கொஞ்சம் எதிர்மின்னாகவும், அதை ஒட்டிய கார்பனோ ஹைட்ரஜனோ கொஞ்சம் நேர்மின்னாகவும் ஆகிறது. 'வினைச்செயல் தொகுதி' (மூலக்கூறின் குணத்தைத் தீர்மானிக்கும் அணுக்கூட்டம்) என்று புத்தகம் சொல்லும் ஆல்கஹால், கார்போனைல் (கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் ஆக்சிஜன்), அமீன் (நைட்ரஜன் உள்ளது), கார்பாக்சிலிக் அமிலம் எல்லாம் பெரும்பாலும் செய்வது இந்த வேலையைத்தான்.

எனக்குப் பிடித்த ஜோடி ஒன்று உண்டு. சிலிண்டர் கேஸில் இருக்கும் பியூட்டேன், நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோன். இரண்டுக்கும் மூலக்கூறு எடை 58. பியூட்டேன் சுமார் 0 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும், அசிட்டோனோ 56 டிகிரி வரை பாட்டிலில் திரவமாக உட்கார்ந்திருக்கும், தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கும். எடை ஒன்றுதான், ஒரு கார்போனைல் தொகுதி வந்ததால் ஒரு மூலக்கூறின் நேர்முனை அடுத்ததன் எதிர்முனையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்தச் சாய்வை அளப்பதற்குப் பெயர் இருமுனைத் திருப்புத்திறன், அலகு டிபை. அசிட்டோனுக்கு ஏறக்குறைய 2.9, பியூட்டேனுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

ஆனால் தொகுதி இருந்தாலே முனைவு என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். பாரா-டைகுளோரோபென்சீனில் இரண்டு குளோரின் எதிரெதிரே நின்று சமமாக இழுப்பதால் மொத்தத்தில் பூஜ்யம். எட்டு கார்பன் நீளமுள்ள ஆக்டனாலுக்கு ஒரு முனை இருந்தும் முனைவற்ற வால் நீண்டுவிட்டதால் தண்ணீரில் பெரிதாகக் கரையாது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மீனைக் கழுவும்போது புளித்தண்ணீர் ஊற்றி அலசினால் வாடை அடங்குகிறதல்லவா? அந்த வாடையில் பெரும்பங்கு டிரைமெத்தில் அமீனுடையது. அதன் முனைவு குறைவு, கொதிநிலையும் சுமார் 3 டிகிரிதான், அதனால் சட்டென்று காற்றில் ஏறி மூக்குக்கு வந்துவிடும். புளியின் அமிலம் ஒரு புரோட்டானை (எலக்ட்ரான் இழந்த ஹைட்ரஜனை) கொடுக்க, அமீனின் நைட்ரஜன் அதை வாங்கிக்கொண்டு முழு நேர்மின்சுமையே பெற்றுவிடுகிறது. அப்புறம் அது காற்றுக்கு ஏறாது, தண்ணீரோடு போய்விடும். வடசென்னைச் சமையற்கட்டில் தினம் நடக்கிற அமில-காரப் பாடம் இது. புத்தகத்தில் இதை ஏன் உதாரணமாகப் போடுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

'முனைவு' பற்றி இன்னும் ஒன்று. தொல்காப்பிய உரியியலில் "முனைவு முனிவாகும்" என்று வருகிறது, அங்கே பொருள் வெறுப்பு. முனைவர் பட்டத்தில் வருவதோ முயல்தல் என்ற பொருளில் உள்ள முனைதல். எழுத்து ஒன்றாக இருந்தாலும் வேதியியலில் நாம் எடுத்துக்கொள்வது நுனி என்ற பொருளை மட்டும். ஆகவே 'போலார் சால்வென்ட்' என்பதைத் 'துருவக் கரைப்பான்' என்று எழுதாமல் 'முனைவுள்ள கரைப்பான்' என்று எழுதுங்கள். அந்தப் பையன் தன் நோட்டில் 'துருவ' என்பதை அடித்துவிட்டு மேலே சின்னதாக 'முனை' என்று எழுதிக்கொண்டு, பக்கத்திலேயே எத்தனாலை வரைந்து ஆக்சிஜன் மேல் கழித்தல் குறி போட்டான்.