வாயில் சொல்கிறான், நோட்டில் வரவில்லை

"இவனுக்குப் படிப்பே ஏற மாட்டேங்குது டீச்சர், நாலு போடு போடுங்க" என்று பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே சொல்லும் பெற்றோர் இன்னும் வருகிறார்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009 அடிப்பதைத் தடை செய்கிறது. 'மக்கு' என்று மனம் நோகப் பேசுவதும் அதே 17-ஆம் பிரிவில்தான் வரும். இது ஆசிரியர்களிலேயே பலருக்குத் தெரியாது.

படிப்பு ஏறவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது கண்ணையும் காதையும். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறவனுக்குக் கரும்பலகை தெரியாமல் இருக்கலாம். அடுத்தது வீட்டு மொழி. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசுவார்கள். கூட்டல், கழித்தலைப் பட்டென்று போடும் பிள்ளை வாக்கியக் கணக்கில் திணறினால், இடிப்பது தமிழ்தான், கணக்கு இல்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தும், வாய்க்கணக்கிலும் கதை சொல்வதிலும் முந்துகிற பிள்ளை புத்தகத்தைத் திறந்ததும் முடங்கினால், டிஸ்லெக்சியாவாக, அதாவது எழுத்தைப் படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடாக, இருக்குமோ என்று யோசிக்க வேண்டும். தமிழில் இதற்கென்றே ஒரு சிக்கல் உண்டு. 'கொ' என்ற எழுத்தில் கண் முதலில் காண்பது கொம்பை. வாய் தொடங்க வேண்டியதோ 'க்' என்று. கால் கடைசியில் நிற்கிறது. காலை விட்டுவிட்டால் 'கொடி' 'கெடி' ஆகிவிடும். அதனால் மெய்யை வெள்ளைச் சாக்பீஸிலும், கொம்பையும் காலையும் ஒரே சிவப்பிலும் எழுதுகிறேன். இரண்டு சிவப்பும் சேர்ந்து ஒரே ஒலி என்று பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டால் 'கோ', 'மொ', 'தோ' எல்லாம் பின்னாலேயே வரும். ல, ள, ழ குழப்பத்தை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பிழையைச் சுவரொட்டி அடிப்பவர் வரை ஊரே செய்கிறது.

2022-இல் தமிழக அரசு தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், கற்ற அளவைப் பார்த்துப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆசிரியர் அறையில் "அவன் அரும்புதானே" என்று அதுவே பட்டப்பெயராகிவிடுகிறது. தமிழில் அரும்பாக இருப்பவன் கணக்கில் மலராக இருக்கலாம்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரைத் தலைமையாசிரியர் மூலம் அணுகலாம். மருத்துவச் சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைக் கேட்கலாம். "சர்டிபிகேட் எல்லாம் வேண்டாம் டீச்சர், நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இடிக்கும்" என்று தயங்குகிறவர்களே பொதுத்தேர்வு நெருங்கும்போது அலைகிறார்கள். எட்டாம் வகுப்பிலேயே பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். போகும்போது பிள்ளையின் பழைய நோட்டுகளையும் விடைத்தாள்களையும் கையோடு கொண்டுபோங்கள், தப்பும் தவறுமாக இருப்பதையே.