பின் நம்பர் – கடவெண்

"பின் நம்பர்" என்னும்போது நம்பரை இரண்டு தடவை சொல்லிவிடுகிறோம். பர்சனல் ஐடென்டிஃபிகேஷன் நம்பர் என்பதன் சுருக்கம்தான் பின். ஆனாலும் அந்த வால் இல்லாமல் முடியாது. வெறுமனே "பின்னைப் போடுங்க" என்றால், தாளில் குத்துகிற பின்னா, முகவரிக்கு அடியில் எழுதுகிற பின்கோடா என்ற குழப்பம் வரும். பின்கோடு வேறு வகையறா. 1972 ஆகஸ்ட் 15 அன்று இந்திய அஞ்சல் துறை கொண்டுவந்த ஆறிலக்க போஸ்டல் இண்டெக்ஸ் நம்பர் அது. ஊரறிந்த எண், மறைக்க ஒன்றுமில்லை.

மறைக்க வேண்டிய பின் பிரிட்டனில் பிறந்தது. அட்டையோடு ஒரு ரகசிய எண்ணையும் சேர்த்துப் பணம் தரும் முறைக்கு ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஜேம்ஸ் குட்ஃபெலோ 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு ஜூன் 27 அன்று லண்டன் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி வைத்த பணம் தரும் இயந்திரம் ஜான் ஷெப்பர்ட்-பாரன் என்பவர் உருவாக்கியது. (இவர் பிறந்தது நம் ஷில்லாங்கில்.) ஆறு இலக்கம் வைக்க நினைத்திருந்தாராம், தனக்கு நான்குதான் நினைவில் நிற்கும் என்று மனைவி சொல்ல, நான்காக்கினாராம். பின்னாளில் அவரே சொன்ன கதை இது. இன்றைய பன்னாட்டுத் தரம் 4 முதல் 12 இலக்கம் வரை அனுமதிக்கிறது. யுபிஐயில் 4 அல்லது 6.

பெயரில்தான் கோளாறு. ஏடிஎம்மில் செருகியதுமே, இது இன்னாருடைய கணக்கு என்று கார்டு எண் சொல்லிவிடுகிறது. செருகியவர் அந்த இன்னார்தானா என்று சோதிக்கத்தான் பின். அழுத்திய எண் விசைப்பலகைக்குள்ளேயே குறியாக்கம் ஆகிவிடும். பரவலான முறையில் கார்டு எண்ணின் இலக்கங்களும் அதோடு கலக்கப்படும். அதனால் இருவர் ஒரே பின்னை வைத்திருந்தாலும் வங்கிக்குப் போவது வெவ்வேறாக இருக்கும். அங்கே பாதுகாப்புக் கருவி ஒன்று சரிபார்த்து, சரி அல்லது தவறு என்று மட்டும் பதில் சொல்லும். நான்கு இலக்கத்தில் அமைவது 10,000 எண்கள்தாம்; கணினிக்கு அது தூசு. மூன்று முறை தவறினால் கார்டை முடக்கும் ஏற்பாடு இருப்பதால்தான் அது தாக்குப்பிடிக்கிறது.

ஆக, "தனிநபர் அடையாள எண்" என்ற தமிழாக்கம் ஆங்கிலப் பெயரின் கோளாறையும் சேர்த்தே சுமக்கிறது. அந்தப் பெயர் ஆதார் எண்ணுக்குப் பொருந்தும். அதுதான் ஆளை அடையாளம் காட்டுவது. ஏடிஎம் திரையில் வரும் "ரகசிய எண்" எவ்வளவோ மேல், யாருக்கும் புரியும். என்ன, லாக்கர் எண்ணும் ரகசியம்தானே என்று ஒருவர் கேட்கலாம். "மறையெண்" அழகான சொல். ஆனால் இலங்கைப் பாடநூல்களில் மறை எண் என்றால் பூச்சியத்துக்குக் கீழே உள்ள எண்.

என் தேர்வு கடவெண். கட என்ற வினையிலிருந்து வந்த கடவு என்பதற்கு வழி என்று பொருள். கடவுச்சீட்டும் கடவுச்சொல்லும் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் விளக்கம் தேவையில்லை. உணவு + அகம் உணவகம் ஆவதுபோல, கடவு + எண் கடவெண் ஆகும். ஓடிபியை "ஒருமுறைக் கடவுச்சொல்" என்று எழுதுகிறார்கள். குறுஞ்செய்தியில் வருவதோ பெரும்பாலும் ஆறு இலக்கம், சொல் எங்கே இருக்கிறது? அதையும் ஒருமுறைக் கடவெண் என்றே எழுதிவிடலாம்.