கடனே வாங்காதவருக்கு ஏன் கடன் கிடைப்பதில்லை?

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணை, எனக்கு 23 வயசு. ஒருத்தரிட்டையும் ஒரு சதம் கடன்பட்டதில்லை. மோட்டார் சைக்கிள் லீசிங்குக்குப் போனால், கிரிப்பில ஒண்டும் இல்லை, பிணையாளியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு சொல்லுகினம். கடன் வாங்காமல் இருக்கிறது குற்றமே?"

குற்றமில்லை. ஆனால் உங்களைப் பற்றிக் கணக்குப் போட அவர்களிடம் எதுவும் இல்லை.

கிரிப் என்று நாம் சொல்வது இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. யார் எவ்வளவு கடன் எடுத்தார், தவணையை ஒழுங்காகக் கட்டினாரா என்ற விவரங்களை வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் அடையாள அட்டை இலக்கத்தோடு அங்கே அனுப்புகின்றன. "அவன்ர பேர் கிரிப்பில விழுந்திட்டுது" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். உண்மையில் அங்கே கறுப்புப் பட்டியல் எதுவும் கிடையாது. ஒரு நாள்கூடப் பிந்தாமல் கட்டுகிறவரின் பெயரும் அங்கேதான் இருக்கிறது. அறிக்கையோடு 250க்கும் 900க்கும் இடையில் ஒரு புள்ளியும் வரும். கடன் கொடுப்பதா இல்லையா என்பதை முடிவு செய்வது கடன் தருபவர்தான்.

சரி, அந்தப் புள்ளி எப்படி வருகிறது? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அதுதான். கதை ஒரு பூவில் தொடங்குகிறது.

1936இல் ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் ஐரிஸ் பூக்களை எடுத்துக்கொண்டார். மூன்று இனங்கள், இனத்துக்கு 50 பூக்கள். ஒவ்வொன்றிலும் புல்லியின் நீளம், அகலம், அல்லியின் நீளம், அகலம் என்று நான்கு அளவுகள். இவற்றில் இரண்டு இனங்கள் ஒன்றையொன்று மிகவும் ஒத்தவை. ஒரே ஓர் அளவை மட்டும் வைத்து அவற்றைச் சரியாகப் பிரிக்க முடியாது. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு நிறை கொடுத்து நான்கையும் ஒரே எண்ணாகக் கூட்டினால் இனங்கள் விலகி நிற்கும் என்று அவர் காட்டினார். 1941இல் டேவிட் டுராண்ட் என்ற அமெரிக்கர் பூக்களின் இடத்தில் கடனாளிகளை வைத்து அதே கணக்கைச் செய்தார்: திருப்பிக் கட்டியவர்கள் ஓர் இனம், கட்டாதவர்கள் இன்னோர் இனம். ஃபிஷரின் கட்டுரை வெளியானது மனித இனமேம்பாடு (யார் பிள்ளை பெறலாம் என்று தெரிவுசெய்து மனித இனத்தைத் திருத்தலாம் என்ற கொள்கை) பேசிய ஓர் ஆய்விதழில் என்பதையும் சொல்லிவைக்கிறேன். மனிதரை வகை பிரிக்கும் எந்தக் கணக்கையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

இன்றைய புள்ளிக் கணக்கில் பெரும்பாலும் ஓடுவது மடக்கை. ஆம், பள்ளியில் அட்டவணை பார்த்துச் சலித்தோமே, அதேதான். ஓர் உதாரணத்துக்கு, பொதுவாகக் கடன் எடுப்பவர்களில் ஒழுங்காகக் கட்டுபவர் 10 பேருக்கு, கட்டாமல் விடுபவர் ஒருவர் என்று வைப்போம். விகிதம் 10க்கு 1. ஒருவர் ஒரு வருடம் தவணை தப்பவில்லை என்ற சான்று இந்த விகிதத்தை இரட்டிப்பாக்கட்டும்: 20க்கு 1. பழைய கடன் ஒன்றை முழுதாகக் கட்டி முடித்தது இன்னொரு இரட்டிப்பு: 40க்கு 1. கடனட்டையின் எல்லைவரை செலவழித்திருந்தால் பாதியாகும்: மறுபடி 20க்கு 1. எல்லாமே பெருக்கலும் வகுத்தலும். மடக்கை எடுத்தவுடன் பெருக்கல் கூட்டலாகிவிடும். 10க்கு 1 என்ற விகிதத்துக்கு 600 புள்ளி, ஒவ்வோர் இரட்டிப்புக்கும் 20 புள்ளி என்று வைத்தால் (இரட்டிப்புக்கு 20 என்பது பாடநூல்களில் அடிக்கடி வரும் அளவு), 600, 620, 640, பிறகு 620. கவுண்டரில் இருப்பவர் மனக்கணக்காகவே கூட்டிவிடலாம்!

இதில் ஒளிந்திருக்கும் அழகைப் பாருங்கள். 600க்கும் 640க்கும் இடையில் பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் 600இல் 11 பேரில் ஒருவர் கட்டாமல் விடுவார், 640இல் 41 பேரில் ஒருவர்தான். ஆபத்து ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. இரண்டு சான்றுகள் ஒரே விஷயத்தைச் சொன்னால் அதை இரண்டு முறை எண்ணாமலிருக்க நிறைகளைத் திருத்தும் வேலையும் உண்டு. அதற்குத்தான் கணினி.

இப்போது தம்பியின் கேள்வி. அவருடைய கணக்கில் கூட்டவும் கழிக்கவும் ஒன்றுமில்லை. சேமிப்புக் கணக்கில் எவ்வளவு கிடந்தாலும் கிரிப் அதைப் பார்ப்பதில்லை. அம்மா பத்து வருடமாகத் தவறாமல் கட்டும் ஊர்ச் சீட்டும் அங்கே தெரியாது. ஆகவே சிறிதாக ஒன்றைத் தொடங்க வேண்டும். நிலையான வைப்பை ஈடாக வைத்துச் சின்னக் கடனோ கடனட்டையோ தரும் வங்கிகள் உண்டு. எடுத்த பிறகு தவணைத் திகதியைத் தப்பவிடாதீர்கள். ஒரே கிழமையில் நாலு கம்பனிகளில் விண்ணப்பிக்கவும் வேண்டாம். யார் யார் உங்களைப் பற்றி விசாரித்தார்கள் என்பதும் பதிவாகும்.

வெள்ளிக்கிழமை காசு வெளியே போகக்கூடாது என்று திங்கட்கிழமை வரை தவணையைப் பிடித்து வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். லட்சுமி கோபிப்பாரோ தெரியாது, கணினி மூன்று நாள் தாமதம் என்று கட்டாயம் எண்ணும். தவணைத் திகதியில் காசு தானாகவே போகும்படி வங்கியில் ஸ்டாண்டிங் ஓடர் கொடுத்துவிட்டால் கிழமை பார்க்கும் தொல்லையே இல்லை.

பிணை நிற்பதையும் லேசாக எண்ண வேண்டாம். மச்சான் கேட்டார் என்று கையெழுத்து வைத்தால், அந்தக் கடன் உங்கள் அறிக்கையிலும் பிணையாளி என்ற தலைப்பில் ஏறும்.

ஒழுங்காகக் கட்டினால் எல்லாம் சரியாகும் என்று வன்னியில் இருந்துகொண்டு சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கும் நுண்நிதிக் கடன்கள் போருக்குப் பின் எத்தனை பெண்களை நெருக்கின என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். 2018இல் வறட்சி மாவட்டங்களின் பெண்களுக்கு அரசாங்கமே ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவருக்குக் காசு வருவது அறுவடையில். தவணை வருவதோ மாதாமாதம். அவர் பிந்துவதும், மாதச் சம்பளக்காரர் பிந்துவதும் ஒரே சான்றாகுமா? போகத்துக்கு ஏற்ற தவணையை வைத்து ஒரு புள்ளி முறையைச் சோதித்துப் பார்க்க, வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ அறிவியல் நகரில் இருக்கும் விவசாய பீடத்துக்கோ ஆய்வுப் பணம் கொடுக்கலாம். திறப்பு விழாக்களுக்குச் செலவாவதில் ஒரு துண்டு போதும் என்பது என் எண்ணம்.

தம்பி, லீசிங்குக்குத் திரும்பவும் போவதற்கு முன் உங்கள் சொந்த அறிக்கையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நீங்களே பார்ப்பதால் புள்ளி குறையாது. பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டையை மாற்றிப் புதிய பன்னிரண்டு இலக்க அட்டை எடுத்த உங்கள் அப்பாவையும் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு இலக்கத்திலும். கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவை என்று கிடந்தால், அந்த விவரத்தை அனுப்பிய வங்கியிடமே பற்றுச்சீட்டைக் காட்டித் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும்.