‘டிக்’ சத்தம் வராத ஆம்ப்ளிஃபையர்

மார்கழி பிறந்துவிட்டால் என் மேஜையில் இடம் இருக்காது. ஆரியங்காவிலும் அச்சன்கோவிலிலும் திருவிழா. செங்கோட்டையிலிருந்து மலையேறும் மைக்செட்டுகளில் சில, போகும்போதோ வரும்போதோ என் கடையில் இறங்கிவிடும். அப்படித்தான் புளியரைக்காரர் ஒருவர் ஆம்ப்ளிஃபையரைத் தோளிலிருந்து இறக்கினார்.

“அண்ணாச்சி, வீட்டில் போட்டால் பாடுகிறது. மலைக்குக் கொண்டுபோனால் ஐந்து நிமிடத்தில் புகைகிறது. ரெசிஸ்டரை இரண்டு தடவை மாற்றியாயிற்று” என்றார்.

மூடியைக் கழற்றியதும் கருகல் நெடி முகத்தில் அடித்தது. 150 ஓம் சிமென்ட் ரெசிஸ்டர்கள் மூன்று, இணையாக வைத்தவை. அவற்றின் அடியில் போர்டு பழைய தோசைக்கல் போலக் கறுத்துக் கிடந்தது. முன்பு பார்த்தவர் 5 வாட்டை எடுத்துவிட்டு 10 வாட் போட்டிருந்தார். அதுவும் வெந்துவிட்டது.

இது சாஃப்ட் ஸ்டார்ட் போர்டு, சுவிட்ச் போட்டதும் பாயும் மின்சாரத்தை அடக்கும் ஏற்பாடு. இதில் அந்த ரெசிஸ்டருக்கு அரை விநாடி வேலைதான். பெரிய டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்சாரம் கொடுக்கும் கணத்தில், இரும்பில் மிச்சமிருக்கும் காந்தமும் மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும், அப்போது காலியாக இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களும் சேர்ந்து பல பத்து ஆம்பியரை இழுக்கப் பார்க்கும். 230 வோல்ட் லைனின் உச்சம் 325 வோல்ட். நடுவே மூன்று ரெசிஸ்டரும் சேர்ந்த 50 ஓம் இருந்தால் எந்த நேரத்தில் சுவிட்ச் போட்டாலும் ஆறரை ஆம்பியரைத் தாண்டாது. கெப்பாசிட்டர் நிறைந்ததும், ரிலே என்ற மின்காந்தச் சுவிட்ச் ‘டிக்’ என்று மூடி ரெசிஸ்டரை ஓரங்கட்டிவிடும். ரிலே மூடாவிட்டால் பாட்டுக்கான மின்சாரம் முழுவதும் ரெசிஸ்டர் வழியாகவே ஓடும். 2 ஆம்பியர் ஓடினால் அங்கே மட்டும் 200 வாட் வெப்பம். 10 வாட் என்ன, 20 வாட் போட்டாலும் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான்.

ஆகவே நான் தேடியது ரிலே ஏன் மூடவில்லை என்பதை. கடையில் 230 வோல்ட்டில் ஒழுங்காக மூடியது. மலையில் லைன் எப்படி என்று கேட்டேன். கடைசிக் கம்பத்திலிருந்து நீண்ட வயர், அதே வயரில் அலங்கார விளக்குகள் எல்லாம் என்றார். வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கை 180 வோல்ட்டுக்கு இறக்கினேன். ‘டிக்’ வரவில்லை. 24 வோல்ட் ரிலேயின் காயிலில் 230-இல் 21 வோல்ட் இருந்தது, 180-இல் 15 தான். இவ்வகை ரிலேக்களை இழுக்கப் பொதுவாக 18 வோல்ட்டாவது வேண்டும்.

காரணம், லைன் வோல்ட்டைக் குறைத்து ரிலேக்கு மின்சாரம் தரும் டிராப்பர் கெப்பாசிட்டர். மேலே 0.47 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது. கழற்றி அளந்தால் 0.27. இவை உள்ளே பொறி பட்ட இடத்தைத் தாமே ஆற்றிக்கொள்ளும் ரகம். ஆறும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இளைத்துப்போகும், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. புதியதைப் போட்டதும் 160 வோல்ட்டிலும் ரிலே மூடியது. மாற்றும்போது லைனுக்கு என்றே வரும் எக்ஸ்-2 வகை, 275 வோல்ட் ஏசி என்று பார்த்து வாங்குங்கள். 400 வோல்ட் டிசி என்று எழுதிய சாதாரணக் கெப்பாசிட்டர் இங்கே உதவாது.

இந்தச் சிறு போர்டைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். இதில் தனி டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, போர்டு முழுவதும் லைனோடு நேரடியாகச் சேர்ந்தது. ரிலேயின் 24 வோல்ட்டைத் தொட்டாலும் அடிப்பது 230 தான். நான் பிளக்கைப் பிடுங்கி, மீட்டர் கிளிப்புகளை மாட்டிவிட்டுப் பிறகே மின்சாரம் கொடுப்பேன். ஃபில்டர் கெப்பாசிட்டர்களையும் ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்கத் தட்டாமல், 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் வழியாக மின்னூட்டத்தை இறக்குவேன்.

ரெசிஸ்டர் எரிந்தால் அந்த இடத்தில் கம்பியை வைத்துப் பற்றவைத்துவிடும் வழக்கத்தை மலையின் இரண்டு பக்கமும் பார்க்கிறேன். அன்றைக்குப் பாட்டு கேட்கும். பிறகு ஃபியூஸ் போகும், பெரிய ஃபியூஸ் போடுவார்கள், அதுவும் போனால் அங்கேயும் கம்பி. அந்தப் பெட்டியில் பவர் டிரான்சிஸ்டர் ஷார்ட்டானால் தடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டரை வைத்தாலே பாதி தெரிந்துவிடும். 50 ஓம் காட்டினால் நலம். மீட்டர் இணைப்பே காட்டாவிட்டால் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. பூஜ்யம் என்றால் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒட்டிய ரிலேயோடு ஆம்ப்ளிஃபையர் நன்றாகப் பாடும், ஆனால் சுவிட்ச் போடும்போது எப்போதாவது டிரிப் ஆகும். சோதனைக்காக லைனில் தொடராக மாட்டும் சீரியல் பல்பில் போட்டு, ரிலே மூடவில்லை என்று சாஃப்ட் ஸ்டார்ட்டைக் குறை சொல்பவர்களும் உண்டு. பல்பு வோல்ட்டை விழுங்கிவிட்டால் ரிலே எப்படி மூடும்? நானே தொடக்க காலத்தில் ஒரு நல்ல ரிலேயைக் கழற்றி எறிந்திருக்கிறேன்.

சாரல் காலத்தில் வேறொரு தொல்லை. மின்சாரம் ஒரு விநாடி போய் வரும். ரிலேயைக் காத்திருக்க வைக்கும் டைமர் கெப்பாசிட்டர் அதற்குள் முழுதாக இறங்கியிருக்காது. மின்சாரம் வந்ததும் ரிலே காத்திருக்காமல் மூடிவிடும், ஃபியூஸ் போய்விடும். டைமர் கெப்பாசிட்டரை உடனே இறக்க ஒரு டயோடு சேர்த்தால் சரியாகும். ரிலேக்குப் பதில், சூடேறினால் தடை குறையும் தெர்மிஸ்டர் மட்டும் உள்ள பெட்டிகளில் அந்த வழி கிடையாது. அது சூடு ஆற ஓரிரு நிமிடம் வேண்டும், அதுவரை சுவிட்சைத் தொடாமல் இருக்க வேண்டும்.